குஸ்கோவில் பட்டேலாகக் கிடக்கும் என் தம்பிக்கு

என் அன்புத் தம்பி சசிக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். செத்தவனிடம் சுகம் விசாரிக்கிற அளவுக்கு எனக்கு இன்னும் மூளை கழன்றுவிடவில்லை. நான் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன். உன்னோடும்தான், உனக்குப் பக்கத்தில் நிற்காமல் போனவர்களோடும்தான். ஆறு வருசமாக வாயை மூடி வைத்திருந்து எனக்குத் தாடையே நோகிறது.

நீ கொஞ்சம் பொறு, இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு முதலில் ஒரு விசயம் சொல்லிவிடுகிறேன். என் தம்பி கந்தையா சசிதரன் 2012ஆம் ஆண்டு பெரு நாட்டில், குஸ்கோ என்ற மலை நகரத்தில் செத்துப்போனான். கள்ளப் பாஸ்போட்டில் கனடா போகிற வழியில், வேறொருவனுடைய பெயரில் செத்தான். அவனுடைய கல்லறையில் தினேஷ் பட்டேல் என்று வெட்டியிருக்கிறது. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில் ஆர் செத்தாலும் கடைச் சுவர்களில் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். பாரிசையே கண்ணால் காணாமல் ஊரில் செத்த கிழவர்களுக்கும் ஒட்டுவார்கள். என் தம்பிக்கு ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை.

ஒட்ட விடாதவர் எங்கள் பெரியப்பா மகன் பாலா அண்ணை. கடைசிச் சண்டையில் செத்த அம்மாவைப் பங்கருக்குப் பக்கத்திலேயே தாட்டுவிட்டு, முகாமில் கிடந்து, வெளியே வந்த உனக்கு ஒரு வழி பண்ணித் தருகிறேன் என்று வந்தவரும் அவர்தான். பிரான்சில் இனிக் கஷ்டம், கனடாதான் சரி, தெற்கு அமெரிக்காவால் சுற்றிப் போனால் ஒருவனும் கவனிக்க மாட்டான் என்றார். நான் அவரைக் கடவுள் மாதிரிப் பார்த்தேன். குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஆம்பிளை அவர் ஒருவர்தானே.

நீ செத்த செய்தியை அவர்தான் கொண்டுவந்தார். பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு சொன்னார். நான் தரையில் இருந்து கத்தினேன். அவர் யன்னலைப் பூட்டினார்.

"சத்தம் போடாதை வதனி. அவனோட அனுப்பின மற்றப் பெடியள் மூண்டு பேரும் இன்னும் வழியில நிக்கிறாங்கள். வெளியில கதை போனா அவங்களும் துலைஞ்சாங்கள். நோட்டீஸ் கீட்டீஸ் ஒண்டும் வேண்டாம்."

சரி என்றேன். அந்த நேரம் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த மூன்று பேரும் கனடா போய்ச் சேர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் வைத்து, அந்தப் படங்கள் எல்லாம் பேஸ்புக்கில் வந்துவிட்டன. பாலா அண்ணையைக் கேட்டால் பெடியள் இன்னும் வழியில்தான் நிற்கிறார்கள்! எட்டாம் நாள் எட்டுச் செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை. ஒவ்வொரு வருசமும் உன் திவச நாளில் நான் புடைவைக் கடையில் வேலைக்குப் போய், சனத்துக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டினேன்.

நானாவது போய் அவனுடைய இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேனே என்று ஒருமுறை கேட்டேன். பொம்பிளைகள் சுடலைக்குப் போவதில்லை என்றார். ஊரில் அது வழக்கம்தான், எனக்கும் தெரியும். அப்பாவைக் கொண்டுபோகும்போது நான் படலையோடு நின்றுவிட்டேன். அதனால் 2016இல் அவரே போனார், எங்கள் எல்லாருக்கும் பதிலாக. திருநீறும் கற்பூரமும் கட்டிக் கொடுத்தேன். உன் பெயரை அந்தக் கல்லில் வெட்டுவித்துவிட்டு வாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

போய் வந்தார். காதை மூடுகிற கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரு மயிரடர்ந்த மலை ஆட்டைக் கட்டிப்பிடித்தபடி படம். இன்கா ராசாக்களின் இடிந்த நகரத்தின் உச்சியில் இரண்டு கையையும் விரித்தபடி படம். உன்னைத் தாட்ட சவக்காலை பூட்டிக் கிடந்ததாம். எனக்கு ஒரு சுவெற்றர் வாங்கி வந்தார். சொரசொரவென்று கடிக்கிற சுவெற்றர்.

இவ்வளவையும் நான் பொறுத்தேன், சசி. பிறகு போன வருசம் பொபினியில் பெரியபிள்ளையான ஒரு பெட்டைக்குச் சாமத்திய வீடு. பாலா அண்ணை பக்கத்தில் இருந்து வடையைக் கடித்துக்கொண்டே சொல்கிறார்: "உன்ர தம்பியின்ர இடம் தவணைக்குத்தானாம் பிள்ளை. தவணை முடிய, சொந்தக்காரர் வந்து கையெழுத்து வைக்காட்டி எலும்பை எடுத்துப் பொதுக்கிடங்கில போடுவாங்களாம். நான் சொல்ல மறந்துபோனன்." பிறகு சாம்பாருக்குக் கை நீட்டினார்.

அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். வழக்கம் போகட்டும் தூர. எனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. மகள் ஆரணி பள்ளிக்கூடத்தில் ஸ்பானியம் படித்தவள். அவளுக்கு உன் முகம் படத்தில்தான் தெரியும், ஆனாலும் ரிக்கெற்றைப் போட்டவள் அவள்தான்.

குஸ்கோவை எனக்குப் பிடிக்கவில்லை. வடிவான ஊர்தான், அதனால்தான் பிடிக்கவில்லை. செம்மண் நிற ஓடு, கல்லுப் பாவின தெரு, கையெட்டுகிற தூரத்தில் வானம். என் தம்பியைக் கொன்ற ஊர் கொஞ்சமாவது அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இறங்கின கொஞ்ச நேரத்திலேயே தலை பிளந்தது. நாலு படி ஏறினால் நெஞ்சு அடித்தது. விடுதியில் கோகா இலை போட்ட தேநீர் தந்தார்கள். மூலையில் ஒக்சிசன் சிலிண்டர் ஒன்று நின்றது. வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி எனக்குக் கொஞ்சம் தலைசுற்றுகிறது என்றதும் இரண்டு பேர் ஓடிவந்து அவள் மூக்கில் அதைப் பிடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் என்ன செய்தாள், பாவம்.

ஊர் சுற்றிக் காட்டுகிறவன் ஒருவன் கூட்டத்தை ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போனான். ஆரணி இழுத்ததால் நானும் போனேன். கீழே இன்காக்கள் கட்டின சூரியன் கோயிலின் கருங்கல் சுவர். சாந்து இல்லை, கல்லும் கல்லும் அப்படியே பொருந்தி நிற்கிறது. மேலே ஸ்பானியன் கட்டின தேவாலயம். பூமி நடுங்கினபோது மேலே உள்ளது இடிந்ததாம், கீழ்ச் சுவர் அசையவில்லையாம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எரிந்தது. யாழ்ப்பாணத்தில் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டின போர்த்துக்கேயனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தானே இந்த ஸ்பானியன்? கீழே கிடக்கிறது ஒருத்தன், மேலே பெயர் இன்னொருத்தனுக்கு. அதைப் பார்க்கவா நான் காசைக் கொட்டி வந்தேன்?

நீ தங்கின விடுதி மேட்டுப்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அதை நடத்துகிறவள் ரோசா, என் வயதுதான் இருக்கும், இரட்டைப் பின்னல். பாலா அண்ணை அவளைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று. பாதிரியைக் கூப்பிட்டுச் சிலுவை வைத்துத் தாட்டது அவள்தானாம். அதனால் நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சைவப் பிள்ளைக்குச் சிலுவை வைக்க நீ ஆரடி?" என்று தமிழிலேயே கேட்டேன்.

"மமோன், அறெத்!" என்று, நிறுத்தச் சொல்லிப் பிரெஞ்சில் கத்தி, ஆரணி என் கையைப் பிடித்தாள். மொழிபெயர்க்க மாட்டேன் என்றாள்.

ரோசாவுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவளும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொடங்கினாள். அதை மட்டும் ஆரணி எனக்குச் சொன்னாள். "ஆறு வருசம்! ஆறு வருசமாக எங்கே போனீர்கள் நீங்கள்? ஒரு மனிதன் வந்தான், என் முற்றத்தில் நின்று படம் எடுத்தான், தவணையைப் பற்றிச் சொன்னேன், தலையை ஆட்டினான், போனான். அவனிடம் கேட்டேன், இந்தப் பையனுடைய உண்மையான பெயர் என்ன என்று. தினேஷ் என்று கூப்பிட்டால் அவன் திரும்பியதே இல்லை, அது அவன் பெயர் இல்லை என்று எனக்குத் தெரியும். என்ன பெயர் சொல்லி நான் செபிக்க என்று கேட்டேன். பட்டேல்தான் என்றான் அந்த மனிதன்."

பாலா அண்ணை அங்கே போயிருக்கிறார், சசி. அந்த முற்றத்தில் நின்றிருக்கிறார். பெற்றவளா கூடப்பிறந்தவளா, அந்நியச்சி ஒருத்தி உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். பட்டேல் என்றிருக்கிறார்.

நான் அந்த முற்றத்துத் தரையிலேயே இருந்துவிட்டேன். ரோசாதான் கதிரை கொண்டுவந்து போட்டாள். அதன்பிறகு இரண்டு பேரும் கத்தவில்லை.

நீ அந்த ஊரிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தது நினைவிருக்கிறதா? சிரித்துச் சிரித்துக் கதைத்தாய்.

"அக்கா, நான் இப்ப ஊர் பாக்க வந்த ரூரிஸ்ற் தெரியுமோ? கழுத்தில கமராவும் தந்திருக்கினம்."

"வேலை செய்யுற கமராவோடா?"

"உள்ளுக்கு ஒண்டுமில்லை, சும்மா கோது. ஆனா தூக்கிப் பிடிச்சா வெள்ளைக்காரனே விலத்தி வழி விடுறான்!"

அந்தக் கோதுக் கமராவை ரோசா ஒரு துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தாள். அதற்குள் நீ எடுத்த படங்கள் இருக்கும், குடும்பத்தார் வந்தால் பார்க்கட்டும் என்று. எங்கள் ஊரை வடிவாக எடுத்திருப்பான், எந்த நேரமும் கழுத்தில்தான் கிடந்தது என்றாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஆரணி என்னைப் பார்த்தாள். ஓம், நல்ல படங்கள் இருக்கும் என்று அவளே ஸ்பானியத்தில் சொன்னாள்.

பிறகுதான் ரோசா மற்றதைச் சொன்னாள். காட்டுப் பக்கத்துத் தாழ்நிலத்திலிருந்து ஒரே பஸ்ஸில் மலைக்கு ஏறி வந்தீர்களாம். அப்படித் திடீரென்று ஏறினால் நெஞ்சில் நீர் கோக்குமாம். இரண்டாம் நாளே உனக்கு இருமல், மூச்சுக்குள் சளச்சளவென்று சத்தம். வாகனம் வந்தது, மற்ற மூன்று பேரும் உன்னை விட்டுவிட்டு ஏறிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நீ மாட்டேன் என்று தலையாட்டியிருக்கிறாய். கெஞ்சிப் பார்த்துவிட்டு, சதுக்கத்துக்கு ஓடிப்போய்ச் சுற்றுலாக்காரருக்கு உதவி செய்கிற பொலிஸ்காரன் ஒருவனைக் கூட்டிவந்தாளாம். நல்ல பொடியன், உன்னைத் தூக்கிக்கொண்டு போகத்தான் வந்தானாம்.

நீ சீருடையைக் கண்டாய்.

கண்டதும் படுக்கையை விட்டு எழும்பினாயாம். அதுவரை ஒரு கோப்பைத் தண்ணீரைப் பிடிக்கமுடியாமல் கிடந்தவன், சட்டையை இழுத்து நேராக்கி, தலையை வாரி, கமராவைக் கழுத்தில் போட்டு, பாஸ்போட்டைத் திறந்து நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு நின்றாயாம். "ரூரிஸ்ற், ரூரிஸ்ற். ஓகே, ஓகே." பொலிஸ்காரனுக்கும் சிரிப்பு வந்ததாம். இவன் நன்றாகத்தானே நிற்கிறான் அம்மா என்று ரோசாவிடம் சொல்லி, உனக்கொரு சலூட் அடித்துவிட்டுப் போனானாம். நீ அதற்குப் பிறகு எழும்பவில்லை.

ஏனடா எழும்பினாய்? ஆர் உன்னை எழும்பச் சொன்னது? ஆமிக்காரன் மறிக்கிற சென்றிப் பொயின்றில் எப்படி நிற்க வேண்டும் என்று ஊரில் பழகினது எல்லாம், அந்த மலை உச்சியில், உதவிக்கு வந்த ஒருத்தனுக்கு முன்னாலா உனக்கு நினைவு வந்திருக்க வேண்டும்? நோகிறது, சாகப் போகிறேன் என்று ஒரு முறை விழுந்து காட்டியிருக்கக்கூடாதா? வெள்ளைக்காரப் பெட்டை தலைசுற்றுகிறது என்றதும் சாய்ந்தாளே, அவள் அல்லவா சுற்றுலாப் பயணி! உனக்கு அந்த வேசம் பொருந்தவே இல்லை, மடையா. ரூரிஸ்ற் ஒருவனும் பொலிஸைக் கண்டு எழும்பி நிற்க மாட்டான்.

இந்தக் கோபம் எனக்குச் சாகும்வரை போகாது. உன்மேல்தான். வேறு ஆர்மேல் வைக்க?

மறுநாள் சவக்காலைக்குப் போனேன். வாசலில் கொஞ்சம் நின்றேன், பழக்கதோசம். பிறகு உள்ளே போனேன். ஒன்றும் இடிந்து விழவில்லை. அங்கே மண்ணுக்குள் புதைப்பது குறைவு. பெரிய பெரிய சுவர்களில் அறை அறையாக வைத்து, பெயர் வெட்டின கல்லால் அடைத்து, முன்னுக்குச் சின்னக் கண்ணாடிக் கதவு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கதவுக்குள் செத்தவர்களுக்குப் பிடித்ததெல்லாம் சின்னஞ்சிறிதாக வாங்கி வைப்பார்களாம். நாங்கள் படைக்கிறதில்லையா, அதே கதைதான். உனக்கு ரோசா விரல் அளவில் ஒரு கமராவும், ஒரு பஸ்ஸும், ஒரு பாணும், நகத்தளவில் ஒரு பியர்ப் போத்தலும் வைத்திருந்தாள்.

"இவன் குடிக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றேன் ஆரணியிடம்.

ரோசா யோசித்துவிட்டு, சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் குடிப்பார்கள் என்று நினைத்தேன் என்றாள். கதவைத் திறந்து அதை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டாள். நான் கல்லில் திருநீறு பூசினேன். தேவாரம் ஒன்றைப் பாதி படித்தேன், மீதி வரவில்லை. மூச்சும் இல்லை அந்த ஊரில்.

சவக்காலைக் கந்தோரில் இருந்த அலுவலர் மரியாதையானவன். பெயரை மாற்றச் சொன்னேன். என் பத்திரங்களில் கந்தையா சசிதரன் என்று ஒருவன் இருக்கிறானாம், ஆனால் அவன் குஸ்கோவுக்கு வந்ததே இல்லையாம். இங்கே கிடப்பது தினேஷ் பட்டேல். அதை மாற்றக் கோர்ட், தூதரகம், எல்லாம் வேண்டுமாம். எலும்பை எடுத்துக்கொண்டு போவதென்றாலும் பட்டேல் என்றுதான் போகவேண்டுமாம். ஒன்றும் செய்யாவிட்டால் அந்த மாத முடிவில் பொதுக்கிடங்கு. இல்லையென்றால் நான் பட்டேலின் சகோதரி என்று கையெழுத்து வைக்கலாம், ரோசா சாட்சி சொன்னால் போதும், இடம் நிலையாகக் கிடைக்கும் என்றான்.

எங்கேயோ ஒரு தினேஷ் பட்டேல் பாஸ்போட்டைத் துலைத்துவிட்டு உயிரோடு திரிவான். மலைமேல் தனக்கு ஒரு கல்லறையும், பாரிசில் ஒரு அக்காவும் இருப்பது அவனுக்குத் தெரியுமோ என்னமோ.

கையெழுத்து வைத்தேன், சசி. தினேஷ் பட்டேலின் அக்கா என்று. பொதுக்கிடங்கில் உன்னைப் போட விடுவேனா? அம்மாவைத்தான் எங்கே கிடக்கிறாள் என்று தெரியாமல் விட்டுவிட்டோம். ஆனால் அந்தப் பேனையைக் கீழே வைத்தபோது, செத்த உன்னை நானும் ஒருமுறை இல்லையென்று சொன்னது மாதிரி இருந்தது. வெளியே வந்து ரோசாவிடம் உன் பெயரைச் சொன்னேன். முழுப்பெயர் அவளுக்கு வாயில் வரவில்லை, சசி என்பது வந்தது. நாங்களும் சசி என்றுதானே கூப்பிட்டோம்.

திரும்பி வந்து இதை எழுதத் தொடங்கினது எப்படியோ பாலா அண்ணையின் காதுக்குப் போய்விட்டது. போன சனிக்கிழமை கடைக்கு வந்தார். தேர்த் திருவிழாவில் முன்னுக்கு நிற்கிற ஆள், எங்கள் முதலாளி எழும்பிக் கதிரை கொடுத்தார். சனம் சேலை பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன வதனி, பொம்பிளைப் பிள்ளை சுடலைக்கெல்லாம் போய் வந்தனியாம். குடும்பத்துக்குக் கூடாதெல்லே."

"ஆம்பிளையள் போய் ஆட்டோட படமெல்லே பிடிச்சுக்கொண்டு வந்தவை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பழசைக் கிண்டாதை. எனக்கும் பிள்ளையள் இருக்கு. பேர் ஒண்டும் வெளியில வரக்கூடாது."

"உங்கட பேர் வந்தா என்ன அண்ணை? லா சப்பலில கல்லெறிஞ்சா ஒரு பாலா மேலதான் விழும். ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அந்த மனுசி கேட்டவ, பெடியன்ர பேர் என்ன எண்டு. ஆருமில்லாத இடம், பொலிஸ் இல்லை, ஒருத்தரும் இல்லை. அவவுக்குச் சொல்லியிருக்கலாமே?"

அவர் விரித்துக் கிடந்த சேலையின் கரையை மடித்து மடித்துப் பார்த்தார். "பழகிப்போச்சுப் பிள்ளை" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய பதில். கதவைக் காட்டினேன், போனார். முதலாளி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

தம்பி, இந்தக் கடிதத்தைப் படத்தோடு அச்சடித்துவிட்டேன். உன் படம், கமரா இல்லாமல், சிரிக்காமல் நிற்கிற படம். நாளைக்கு நானும் ஆரணியும் பசை வாளியோடு லா சப்பலுக்கும் பக்கத்து மார்க்ஸ் டோர்மோய்த் தெருவுக்கும் போகிறோம். கிழித்தால் திரும்ப ஒட்டுவோம். மழை நனைத்தால் திரும்ப ஒட்டுவோம். உன் திவசத்துக்கு இனி வேலைக்குப் போக மாட்டேன். பிடிக்காத அந்த ஊருக்கும் மூச்சு வாங்கி வாங்கியாவது திரும்ப வருவேன், என்னால் முடியாத காலம் ஆரணி வருவாள். அங்கே வேறொருவனுக்கு அக்கா என்று வாய்பொத்திக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். இங்கே தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, உனக்கு அக்கா என்று கையெழுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
கந்தையா சசிதரனின்
கூடப்பிறந்த அக்கா
வதனி